தேர்ந்தெடுத்த நாளிலேயே மதிப்பெண்ணா?

2024 ஆகஸ்ட்டில் என் தம்பிக்கு நான் 'சி' கிரேடு கொடுத்தேன். பள்ளிப் பாடத்துக்காக அல்ல. நிக் கர்ட்ஸ் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரை அவன் தேர்ந்தெடுத்ததற்காக.

பல்கலைக்கழக விடுதியில் நான் சேர்ந்த புதிது. சிறு வயதில் அமெரிக்காவில் வளர்ந்த மூத்த மாணவர் ஒருவர் அங்கே பேஸ்பால் 'ஃபேன்டசி லீக்' ஒன்றை நடத்தி வந்தார். பத்துப் பேர், பத்துக் கற்பனை அணிகள். அமெரிக்க முதன்மை லீகில் ஆடும் உண்மையான ஆட்டக்காரர்களை ஒவ்வொருவரும் தம் அணியில் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஆட்டக்காரர் நிஜ ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்தால் அவரை வைத்திருப்பவருக்குப் புள்ளி கிடைக்கும். பிரிமியர் லீக் காற்பந்தில் இதே விளையாட்டை ஆடுவோர் உங்களில் பலர் இருப்பீர்கள். 1980இல் எழுத்தாளர் டேனியல் ஓக்ரென்ட் நியூயார்க்கில் நண்பர்களுடன் தொடங்கிய பேஸ்பால் லீக்தான் இன்றைய ஃபேன்டசி லீக்குகள் பலவற்றுக்கு முன்னோடி.

எங்கள் லீக்கில் ஒரு கூடுதல் விதி உண்டு. இன்னும் முதன்மை லீகை எட்டாத இளையர்களையும் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி, கல்லூரி ஆட்டக்காரர்களை 30 அணிகளும் ஆண்டுதோறும் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கின்றன. 1965இல் தொடங்கிய இந்த முறைக்கு 'டிராஃப்ட்' என்று பெயர். இப்போது 20 சுற்றுகளில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் தேர்வாகிறார்கள். ஆனால் அவர்கள் நேரே பெரிய அரங்குக்குப் போய்விடுவதில்லை. சிறு லீகுகளில் சில ஆண்டுகள் ஆடித் தேற வேண்டும். பெரும்பாலோர் முதன்மை லீகை எட்டுவதே இல்லை. அப்படிப் புதிதாகத் தேர்வானவர்களிலிருந்து எங்கள் பத்து அணிகளும் ஆளுக்கு ஐந்து பேரை எடுக்கும். ஒரு தேர்வுக்கு 60 வினாடி அவகாசம்.

அந்த ஆண்டு ஓர் இடம் காலியாக இருந்தது. உயர்நிலை நான்கில் படித்துக்கொண்டிருந்த என் தம்பிக்குச் சாஃப்ட்பால்தான் இணைப்பாட நடவடிக்கை. அவனைச் சேர்த்துவிட்டேன். நான் புள்ளியியல் பாடம் எடுத்திருந்ததால் வேறு ஒரு வேலை என் தலையில் விழுந்தது. டிராஃப்ட் முடிந்ததும் ஒவ்வோர் அணியின் தேர்வுகளுக்கும் கிரேடு போட்டுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

என் முறை எளிமையானது. திறன் தேடுநர்கள் இளம் ஆட்டக்காரர்களை 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் மதிப்பிடுகிறார்கள். 50 என்றால் முதன்மை லீகின் சராசரி. பந்தை அடிப்பது, தொலைவுக்கு அடிப்பது, ஓடுவது, தடுப்பது, எறிவது என ஐந்து திறன்களுக்கும் தனித்தனி எண்கள். இவற்றை வைத்து 50 பெயர்கள் கொண்ட பட்டியல் தயாரித்தேன். என் பட்டியலில் மூன்றாவதாக உள்ளவரை ஒருவர் எட்டாவதாக எடுத்தால் அது லாபம், அதற்கு 'ஏ'. இருபதாவதாக உள்ளவரை ஐந்தாவதாக எடுத்தால் 'டி'.

முதலில் எடுக்கப்பட்டவர் டிராவிஸ் பசானா. அமெரிக்க டிராஃப்ட்டில் முதலிடத்தில் தேர்வான முதல் ஆஸ்திரேலியர். அவரை எடுத்த அணிக்கு 'ஏ பிளஸ்' போட்டேன். தம்பி இரண்டாவதாகக் கர்ட்ஸை எடுத்தான். என் பட்டியலில் அவர் ஏழாவது. கல்லூரியில் காயங்களால் சில ஆட்டங்களைத் தவறவிட்டவர். ஆடும் இடமும் முதல் பேஸ். அந்த இடத்தில் ஆடுபவர் மட்டையால் சாதிக்காவிட்டால் அவரால் பெரிய பயனில்லை. எனவே 'சி'.

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது தம்பி கேட்டான்: "அக்கா, இந்த 'சி' எதுக்கு? நான் எடுத்த விதத்துக்கா, இல்ல அவர் எப்படி வருவார்னு நீ சொல்ற ஜோசியமா?"

"ரெண்டுக்கும்தான்," என்றேன்.

சொன்ன பிறகுதான் உறுத்தியது. ஒரு முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதும், அந்த முடிவு எங்கே போய் நின்றது என்பதும் வேறு வேறு அல்லவா? பழைய டிராஃப்ட்டுகளை எடுத்துப் பார்த்தேன்.

2013இல் ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி மார்க் அப்பெல் என்ற பந்து வீச்சாளரை முதலாவதாக எடுத்தது. இரண்டாவதாகச் சிகாகோ கப்ஸ் எடுத்த கிரிஸ் பிரயன்ட், 2015இல் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருதையும் 2016இல் தேசிய லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதையும் வென்றார். 32ஆவது இடத்தில் நியூயார்க் யாங்கீஸ் எடுத்தவர் ஆரன் ஜட்ஜ். ஜட்ஜின் அருமை தெரிந்து யாங்கீஸ் காத்திருந்தது என்று சொல்லவும் முடியாது. அதே அணி 26ஆவது இடத்தில் வேறொருவரை எடுத்திருந்தது. அவர் முதன்மை லீகை எட்டவேயில்லை.

அப்பெல் காயங்களால் தடுமாறி 2018இல் ஆட்டத்தைவிட்டு விலகினார். 2021இல் திரும்பி வந்தார். 2022இல், தம் 30ஆவது வயதில், பிலடெல்பியா ஃபிலீஸ் அணிக்காக முதன்முறையாக முதன்மை லீகில் பந்து வீசினார். அதே 2022இல்தான் ஜட்ஜ் 62 ஹோம் ரன் அடித்து அமெரிக்க லீகின் சாதனையை முறியடித்தார். டிராஃப்ட் அன்று போட்ட எந்தக் கிரேடு இதையெல்லாம் சொல்லியிருக்கும்?

என் முறையில் வேறொரு குறையும் இருந்தது. 2012இல் ஆஸ்ட்ரோஸ் முதலாவதாக எடுத்தது கார்லோஸ் கொரேயாவை. அவரைவிடத் திறமையானவர் இருந்தார் எனப் பலர் கருதினார்கள். முதல் இடத்துக்கு ஒதுக்கப்பட்ட ஒப்பந்தத் தொகை ஏறத்தாழ 7.2 மில்லியன் டாலர். கொரேயா 4.8 மில்லியனுக்கு ஒப்புக்கொண்டார். மிச்சமான பணத்தைக் கொண்டு 41ஆவது இடத்தில் எடுத்த லேன்ஸ் மெக்கல்லர்ஸைச் சுமார் 2.5 மில்லியன் கொடுத்து ஒப்பந்தம் செய்தார்கள். 2017இல் ஆஸ்ட்ரோஸ் உலகத் தொடரை வென்றபோது இருவருமே அணியில் இருந்தார்கள். ஒவ்வொரு தேர்வையும் தனியாகப் பிரித்து மதிப்பெண் போட்டால் இந்தக் கணக்கு கண்ணில் படாது.

2025 வந்தது. ஏப்ரலில் கர்ட்ஸ் முதன்மை லீகில் ஆடத் தொடங்கினார். ஜூலை 25ஆம் தேதி ஆஸ்ட்ரோஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தார். புதுமுக ஆட்டக்காரர் ஒருவர் இதைச் செய்தது அதுவே முதன்முறை. பருவம் முடிந்தபோது மொத்தம் 36 ஹோம் ரன், அமெரிக்க லீகின் சிறந்த புதுமுக விருது. நான் 'ஏ பிளஸ்' போட்ட பசானா அந்தப் பருவம் முடியும்வரை முதன்மை லீகில் ஆடவில்லை.

குழுவில் எல்லாரும் என்னைக் கிண்டல் செய்தார்கள். தம்பியின் கிரேடை 'ஏ பிளஸ்' என்று மாற்றிவிடுகிறேன் என்று அவனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

"மாத்தாத அக்கா. அன்னைக்கு நான் பஸ்ல இருந்தேன். இறங்குற ஸ்டாப் வந்துடுச்சு, பத்து வினாடிதான் பாக்கி. கண்ணுல பட்ட பேரைத் தட்டிட்டேன். அதுதான் கர்ட்ஸ்."

அவன் உண்மையிலேயே உழைத்தது இரண்டாவது தேர்வுக்குத்தான். உயர்நிலைப் பள்ளிப் பந்து வீச்சாளர் ஒருவரைப் பற்றி நான்கு பக்கக் குறிப்பு எழுதி வைத்திருந்தான். அதற்கு நான் 'பி' போட்டிருந்தேன். அந்த வீச்சாளர் முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஒரு பருவம் முழுவதும் ஆடவில்லை.

அவசரத்தில் தட்டிய பெயர் விருது வாங்குகிறது. யோசித்து எடுத்த பெயர் மருத்துவமனைக்குப் போகிறது. நிஜ டிராஃப்ட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 1988இல் மைக் பியாசா 62ஆவது சுற்றில், 1,390ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். டாட்ஜர்ஸ் அணி அவரை எடுத்ததே, அணியின் நிர்வாகி டோமி லசோர்டா பியாசாவின் தந்தைக்கு நண்பர் என்பதால்தான். 2016இல் பியாசா புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். அவருடன் அதே நாளில் சேர்க்கப்பட்ட கென் கிரிஃபி ஜூனியர், 1987 டிராஃப்ட்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவர்.

அப்படியானால் மதிப்பீடே வீண் என்று சொல்லலாமா? கூடாது. முதல் சுற்றில் எடுக்கப்படுவோர், கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்படுவோரைவிட அதிக விகிதத்தில் முதன்மை லீகை எட்டுகிறார்கள். திறன் தேடுநர்களின் எண்களுக்குப் பொருள் உண்டு. ஆனால், நூறு பேரைப் பற்றி ஓரளவு சரியாகச் சொல்லும் எண், ஒரே ஒருவரைப் பற்றி உறுதியாக எதையும் சொல்லிவிடாது. புள்ளியியல் வகுப்பின் முதல் மாதத்திலேயே இதைப் படித்தேன். தம்பி கேட்ட பிறகுதான் புரிந்தது.

அவனுடைய கேள்வி கர்ட்ஸைப் பற்றியது மட்டும்தானா என்று இப்போது யோசிக்கிறேன். 2020 நவம்பரில் அவனுடைய தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்தது. அவன் வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவுக்குப் போனான். "இவனுக்கு இதுதான் வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும்," என்று அன்று அம்மாவிடம் சொன்னேன். எனக்கு அப்போது 15 வயது. அவன் பக்கத்து அறையில் இருந்தான். கதவு திறந்திருந்தது.

பன்னிரண்டு வயதில் ஒரு நாள் கிடைத்த எண்ணை வைத்து, அவன் முழு வாழ்க்கைக்கும் நான் கிரேடு போட்டேன். அந்த எண் அன்றைய நிலையைச் சொன்னது. மீதியைச் சொன்னது நான். இப்போது அவன் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிக்கிறான். எப்படி வருவான் என்று யாராவது கேட்டால் இப்போது நான் பதில் சொல்வதில்லை.

சென்ற மாதம் அவனிடம் அந்த நாளைப் பற்றிப் பேசி மன்னிப்புக் கேட்டேன். "கேட்டுச்சு அக்கா," என்றான். சற்று நேரம் கழித்து, "சரி விடு. அடுத்த டிராஃப்ட்டுக்கு உன் பட்டியலை எனக்கு மட்டும் முன்னாடியே காட்டு," என்றான்.

பட்டியலைக் காட்டப்போவதில்லை. ஆனால் கிரேடு போடும் முறையை மாற்றிவிட்டேன். இனி ஒவ்வொருவரும் ஏன் இவரை எடுத்தோம் என்று அன்றே இரண்டு வரி எழுதித் தர வேண்டும். நான் கிரேடு போடுவது அந்த இரண்டு வரிக்குத்தான். பக்கத்தில் 'விளைவு' என்று இன்னொரு கட்டம் இருக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு அதில் யாரும் எதுவும் எழுதக்கூடாது.

உங்களில் சிலர் தேர்வு முடிவுகளுக்காகக் காத்திருப்பீர்கள். சிலருக்கு முடிவு ஏற்கெனவே வந்திருக்கும். அந்தத் தாளில் இருப்பதும் முதல் கட்டம் மட்டுமே. இரண்டாவது கட்டத்தை அக்காவோ மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ இப்போதே நிரப்ப வந்தால், நீங்களும் என் தம்பியைப் போல ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.