சண்டை மீனுக்கு எத்தனை லிட்டர் வேண்டும்?

"சண்டை மீன்தானே, சின்னக் கண்ணாடிக் கிண்ணம் போதும்." கடந்த சில மாதங்களில் இதை அம்மா சொன்னார், நண்பர்கள் சொன்னார்கள், மின்தூக்கியில் சந்தித்த அண்டைவீட்டுக்காரரும் சொன்னார். கம்பத்து வாழ்க்கையைப் பார்த்த தாத்தாவுக்கோ அதில் சந்தேகமே இல்லை. அவர் காலத்தில் பிள்ளைகள் கால்வாயில் பிடித்த மீனை ஜாம் போத்தலில் போட்டு ஜன்னலோரம் வைத்திருப்பார்களாம்.

இது உண்மைதானா என்று நான் தேடத் தொடங்கியது, ஒரு சண்டை மீன் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான். எங்கள் புளோக்கிலிருந்து வீடு மாறிச் சென்ற ஒருவர், பழைய அலமாரியோடு அந்த மீனையும் கீழ்த்தளத்தில் விட்டுச் சென்றிருந்தார். அரை லிட்டர்கூடக் கொள்ளாத பிளாஸ்டிக் குவளையில் நீர் மஞ்சளாகியிருந்தது. நீல நிற ஆண் மீன். வால் ஓரங்கள் கிழிந்திருந்தன. துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு அடியில் கிடந்தது. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு மறுபடியும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"வளர்த்துக்கொள். ஆனால் உன் அறையில், உன் காசில்," என்றார் அம்மா. பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்திலிருந்து என்னால் ஒதுக்க முடிந்தது 60 வெள்ளி. அதற்குள் எந்தத் தொட்டியை வாங்குவது?

நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

சண்டை மீனுக்குச் செவுள்களோடு 'லாபிரிந்த்' எனப்படும் கூடுதல் சுவாச உறுப்பும் உண்டு. அதைக் கொண்டு நீரின் மேற்பரப்பிலிருந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். அதனால்தான் உயிர்வாயு குறைந்த நீரிலும் அது சாவதில்லை. மற்ற மீன்கள் சில மணி நேரத்தில் இறந்துவிடக்கூடிய குவளையில், இது பல நாள்கள் தாக்குப்பிடிக்கும். தாக்குப்பிடிப்பதைப் பார்த்துவிட்டு, அதற்கு அதுவே போதும் என்று நாம் முடிவு செய்துவிட்டோம்.

இந்த மீனின் தாயகம் தாய்லாந்து. 2019ஆம் ஆண்டில் அந்நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அங்கு நெல்வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் செடிகள் அடர்ந்த ஆழமற்ற நீரில் இது வாழ்கிறது. நீரின் ஆழம் குறைவு என்றாலும் பரப்பு பெரிது. வயல் என்பது குவளை அன்று.

வேதியியல் பாடம் கைகொடுத்தது

மீன் வெளியேற்றும் கழிவில் முக்கியமானது அம்மோனியா. மிஞ்சிய உணவு அழுகினாலும் அதுவே உருவாகும். அது செவுள்களை அரிக்கும் நஞ்சு. ஒரே மீன், ஒரே நாளில் வெளியேற்றும் கழிவு ஒரு லிட்டர் நீரில் கலப்பதற்கும் 20 லிட்டரில் கலப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். பெரிய தொட்டியில் செறிவு இருபதில் ஒரு பங்குதான். காற்றைச் சுவாசிக்கும் திறன் மீனை மூச்சுத்திணறலிலிருந்து காப்பாற்றும், அம்மோனியாவிலிருந்து காப்பாற்றாது.

சண்டை மீன் வளர்ப்போர் பலர் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு ஐந்து கேலன், அதாவது ஏறக்குறைய 19 லிட்டர். கடையில் தொட்டியைப் பார்த்து அளவை ஊகிக்க வேண்டாம். நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைத்துவிடும்.

மூன்று தொட்டிகள்

சிராங்கூன் நார்த் அவென்யூ 1 வட்டாரத்து மீன் கடைகளில் ஒரு சனிக்கிழமை முழுவதும் அளவு நாடாவோடு சுற்றினேன். இறுதியில் மூன்று தொட்டிகள் மனத்தில் நின்றன.

முதலாவது, நான்கு லிட்டர் வட்டக் கிண்ணம். விலை மலிவு. ஆனால் வடிகட்டி வைக்க இடமில்லை.

இரண்டாவது, வண்ண விளக்கோடு வந்த உயரமான தொட்டி. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் சண்டை மீனின் நீண்ட துடுப்புகள் அதற்கே சுமை. ஒவ்வொரு முறையும் காற்றுக்காக அடியிலிருந்து உச்சிவரை அது நீந்தியாக வேண்டும். இந்த மீனுக்கு உயரத்தைவிட நீளம்தான் முக்கியம். மேலும், அந்தத் தொட்டி ஒன்றே என் 60 வெள்ளியை விழுங்கியிருக்கும்.

மூன்றாவது, 40 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் கொண்ட சாதாரணச் செவ்வகத் தொட்டி. 20 செ.மீ. வரை நிரப்பினால் சரியாக 20 லிட்டர். மேலே விடும் ஐந்து செ.மீ. இடைவெளி மீன் காற்றெடுக்க உதவும். சண்டை மீன் துள்ளிக் குதிக்கும் என்பதால் மூடியும் அவசியம்.

அதே அளவுள்ள, ஒருவர் பயன்படுத்திய தொட்டி இணையத்தில் மூடியோடு 20 வெள்ளிக்குக் கிடைத்தது. பழைய தொட்டி வாங்குவோர், அதை நாளிதழ் விரித்த தரையில் வைத்து நீர் நிரப்பி ஒருநாள் விட்டுப் பாருங்கள். தாள் நனைந்தால் கசிவு இருக்கிறது. கழுவும்போது சவர்க்காரம் கூடவே கூடாது. வைக்கும் இடத்தையும் யோசியுங்கள்: 20 லிட்டர் நீர் மட்டுமே 20 கிலோ. மெல்லிய புத்தக அலமாரி தாங்காது.

மிச்சப் பணத்தில் நீரோட்டம் மென்மையாக இருக்கும் பஞ்சு வடிகட்டி, காற்றுப் பம்பு, குளோரின் நீக்கி, அம்மோனியா சோதனைப் பெட்டி ஆகியவற்றை வாங்கினேன். நீர்ச்சூடேற்றியை வாங்கவில்லை. 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இந்த மீனுக்கு ஏற்ற வெப்பநிலை; நம் ஊரே அதற்குப் போதும். இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓடும் அறை என்றால் மட்டும் கணக்கு மாறும்.

குழாய் நீரில் ஒரு நுணுக்கம்

"நீரை ஓர் இரவு வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும்" என்பது பழைய அறிவுரை. சிங்கப்பூர்க் குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரமின் சேர்க்கப்படுகிறது. அது குளோரினைப்போல எளிதில் ஆவியாகாது. எனவே, குளோரமினையும் நீக்கும் என்று புட்டியில் குறிப்பிட்டுள்ள மருந்தைத்தான் வாங்க வேண்டும்.

புதுத் தொட்டியில் இன்னொன்றும் இருக்காது: அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள். அவை வடிகட்டியில் பெருகப் பல வாரங்கள் ஆகும். முறைப்படி அதன் பிறகே மீனை விட வேண்டும். என் மீனுக்கு அந்த அவகாசம் இல்லை. அதனால் தினமும் சோதித்து, அம்மோனியா தென்பட்ட நாள்களில் கால் பங்கு நீரை மாற்றினேன். தேர்வு வாரத்திலும் அதை நிறுத்த முடியவில்லை. ஆறாவது வாரத்தில்தான் அம்மோனியா அளவு சுழியத்தில் நிலைத்தது.

அதற்குள் துடுப்புகள் விரிந்துவிட்டன. வால் ஓரங்களில் கண்ணாடிபோல் மெல்லிய புதுத்தசை வளர்ந்தது. இப்போது தொட்டியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ரோந்து செல்கிறது. பார்த்துவிட்டுத் தாத்தா சொன்னார்: "இது இப்படி நீந்தும் என்றே எனக்குத் தெரியாது."

மீன் வளர்க்க நினைக்கும் நண்பர்களே, முதலில் தொட்டியை வாங்குங்கள், நீரைத் தயார்ப்படுத்துங்கள், அதன் பிறகு மீனைத் தேடுங்கள். ஒரு தொட்டியில் ஓர் ஆண் சண்டை மீன் மட்டுமே. பராமரிக்க முடியாத நிலை வந்தால், நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விட்டுவிடாதீர்கள். அது சட்டப்படி குற்றம். அங்குள்ள உயிரினங்களுக்கும் ஆபத்து. கீழ்த்தளத்தில் விட்டுச் செல்வதும் தீர்வாகாது. தெரிந்தவர்களிடம் கேளுங்கள். ஒரு மீனுக்கு இருபது லிட்டர் இடம் கொடுக்க யாராவது ஒருவர் இருப்பார்.