கண்ணாடி ஓட்டு வெயில்

சென்னிமலையில் பழைய தறி வீட்டுக்குள் போயிருக்கிறீர்களா? தறிக்குழிக்கு மேலே, ஓடுகளுக்கு நடுவில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். அதன் வழியாகச் சதுரமாய் விழும் வெயில், போர்வைப் பாவின் மேல் மெல்ல நகரும். அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பது அந்த வெளிச்சத்தில்தான்.

"எங்க அப்புச்சி நாள் பூரா அந்த வெயில்லதானுங்க உக்காந்திருக்காரு! அவருக்கு வைட்டமின் டி நெறையக் கெடைக்குமுங்களா?" என்றாள் ஒரு சிறுமி.

கெடைக்காது கண்ணு.

வெயிலோடு கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் வருகின்றன. தோல்வரை வந்து சேர்பவை ஏ, பி என்று இரண்டு வகை. பி பட்டால்தான் தோலில் வைட்டமின் டி உண்டாகும். மிச்ச வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்ளும். சாதாரணக் கண்ணாடியோ பி-யை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிட்டு, ஏ-யை உள்ளே விட்டுவிடும். வாசலில் நிற்கும்போது நிழலைப் பாருங்கள். அது உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் பி நன்றாக வரும்.

அப்படியானால் அப்புச்சியைக் கொஞ்ச நேரம் வாசலில் உட்காரச் சொல்லிவிடலாம். ஆனால் அதே வீட்டில் லூபஸ் நோயுள்ள சித்தி ஒருவர் இருந்தால்?

லூபஸ் ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல்காரர்கள், ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே அடிப்பதுதான் லூபஸ். பத்துப் பேருக்கு வந்தால் ஏறக்குறைய ஒன்பது பேர் பெண்கள். வெயிலில் நம் எல்லோருக்கும் தோல் செல்கள் சில சாகும். உடம்பு அந்தக் குப்பையைச் சத்தமில்லாமல் கூட்டித் தள்ளிவிடும். சித்தியின் உடம்பிலோ காவல்காரர்கள் அதைப் பார்த்துக் கொதித்தெழுவார்கள். கன்னம் சிவக்கும், மூட்டு வலிக்கும். கண்ணாடி வழியே வரும் ஏ கதிர்கூடச் சிலருக்கு ஆகாது. பாருங்கள், அந்தக் கண்ணாடி ஓடு வைட்டமின் தரும் பி-யை வெளியே நிறுத்திவிட்டு, சித்தி போன்றவர்களுக்குத் தொல்லை தரக்கூடிய ஏ-யை உள்ளே அனுப்புகிறது!

குடை, முழுக்கைச் சட்டை, நிழல் என்று ஒதுங்கி இருப்பவருக்கு வைட்டமின் டி குறையத்தானே செய்யும்? ரத்தப் பரிசோதனை பார்த்து, வாரம் ஒன்று என 60,000 யூனிட் மாத்திரை கொடுப்பார் டாக்டர். எண்தான் மலை, அதிலுள்ள வைட்டமினின் எடை 1.5 மில்லிகிராம்தான், ஒரு அரிசியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். வீட்டில் இருக்கிறதே என்று எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது.

சித்திக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. "சிவப்பு ஊடை எத்தனை ஓட்டினேன்?" என்று பாதியில் மறந்துபோகும். லூபஸ் உள்ளவர்களில் பலருக்கு இந்த மூளை மந்தம் வரும். இதற்கும் வைட்டமின் டி குறைவுதான் காரணமா? மூளை செல்களிலும் வைட்டமின் டி வந்து பொருந்தும் பூட்டுகள் இருக்கின்றன. சிங்கப்பூரில் நடத்தி 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், வைட்டமின் டி குறைந்திருந்த லூபஸ் நோயாளிகள் மூளைத்திறன் சோதனைகளில் பின்தங்கியிருந்தார்கள்.

அவசரப்பட வேண்டாம். நோய் முற்றியவர் வீட்டுக்குள்ளேயே இருப்பார், அதனால் வைட்டமின் குறையும். அதே நோய், வலி, தூக்கமின்மையால் மறதியும் வரும். எது எதற்குக் காரணம் என்று எப்படிப் பிரிப்பது? பாதிப் பேருக்குச் சத்து மாத்திரை, மீதிப் பேருக்கு அதே போன்ற வெறும் மாத்திரை கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து சோதிக்க வேண்டும். யாருக்கு எது போகிறது என்பது முடியும்வரை டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால், சத்து மாத்திரை சாப்பிட்டவர் கொஞ்சம் தெளிவாகப் பேசினாலே மார்க்கைக் கூட்டிப் போட்டுவிடுவார்!