வினையும் விதியும்

“எல்லாம் அவரவர் கர்மம்” என்னும் தொடர் நம்மவர் நாவிற் பயின்ற அளவுக்கு வேறொரு சமய வார்த்தை பயின்றிருக்குமோ என்பது ஐயமே. பரீட்சையிலே தவறிய மாணவனைப் பற்றியும் அதுவே எழுகின்றது. இளவயதிற் கணவனை இழந்தவளைப் பற்றியும் அதுவே எழுகின்றது. செத்தவீட்டு விறாந்தையில் இருப்போர் அதனை ஆறுதலாகவே சொல்கின்றனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், உள்ளே அழுதுகொண்டிருப்பவளின் காதில் அஃது எவ்வாறு விழுகின்றது? ‘நீ முன்னே செய்த பாவத்துக்கு இது தண்டனை’ என்றன்றோ விழுகின்றது! கர்மக் கொள்கையை வகுத்த பெரியோர் கருதியதும் இதுதானா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

கர்மம் என்பது ‘செய்தல்’ என்னும் பொருளுடைய வடமொழி அடியிற் பிறந்த சொல். தமிழில் வழங்கும் ‘வினை’யும் அப்பொருளதே. வேதகாலத்தில் அது பெரும்பாலும் வேள்விச் சடங்கைக் குறித்தது. உபநிடத காலத்திலேதான் மனிதனுடைய ஒழுக்கத்தின்மேற் சென்றது. பிருகதாரணியக உபநிடதத்திலே இதற்கு ஓர் அழகிய காட்சி உண்டு. சனக மன்னனின் சபையில் ஆர்த்தபாகர் என்பவர் யாஞ்ஞவல்கியரை நோக்கி வினவுகின்றார்: இறந்தவனுடைய வாக்கு தீயிலும், உயிர்ப்புக் காற்றிலும், கண் ஞாயிற்றிலும் ஒடுங்கிய பின்னர் அம்மனிதன் எங்கே இருக்கின்றான்? யாஞ்ஞவல்கியர் சபை நடுவே விடை கூறவில்லை. ஆர்த்தபாகரின் கையைப் பற்றித் தனியே அழைத்துச் செல்கின்றார். அங்கே இருவரும் பேசியது கர்மத்தைப் பற்றியே என்றும், நற்செயலால் ஒருவன் நல்லவனாகின்றான், தீச்செயலால் தீயவனாகின்றான் என்பதே பேச்சின் சாரம் என்றும் உபநிடதம் தெரிவிக்கின்றது. ஞானியர் சபையிலே சொல்லாது தனித்துப் பேசிய பொருளை நாம் விறாந்தைதோறும் பேசித் தீர்ப்பும் வழங்கிவிடுகின்றோம்!

பின்வந்த சமயங்கள் இக்கருத்தைத் தத்தமக்கு ஏற்ப வளர்த்தன. கர்மம் என்பது உயிரிலே வந்து ஒட்டும் நுண்ணிய பொருள் என்பது சமணர் கொள்கை. தூசு படிவதுபோலப் படியும் அதனைத் தவத்தினால் உதிர்த்தல் வேண்டும் என்பர். சமண முனிவர் மயிற்பீலியால் இடத்தை மெல்லப் பெருக்கி அமர்வதும் இக்கொள்கையின் பயனே. புத்தரோ கர்மம் என்பது சேதனையே, அதாவது மனத்தின் எண்ணமே என்றார். அறியாது எறும்பை மிதித்தவனும் அறிந்தே மிதித்தவனும் அவர் நோக்கில் ஒருவர் ஆகார்.

இவர்கள் இருவருக்கும் சமகாலத்தவனாக விளங்கிய ஆசீவக ஆசிரியன் மற்கலி கோசாலன் வேறொன்று கூறினான். இன்பமும் துன்பமும் அளந்து வைக்கப்பட்டவை; முயற்சியினால் அவற்றைக் கூட்டவும் குறைக்கவும் இயலாது; எறியப்பட்ட நூற்பந்து தன் நீளம் முடியும்வரை உருண்டு அவிழ்வதுபோல, மூடனும் அறிஞனும் ஒருங்கே பிறவிகளைக் கடந்துதான் தீரவேண்டும் என்பது அவன் கொள்கையாகப் பௌத்த நூல்கள் உரைக்கின்றன. இதற்கு நியதி என்று பெயர். புத்தரும் மகாவீரரும் தம்முள் எத்துணை மாறுபட்டாலும் இந்நியதிவாதத்தை மறுப்பதில் ஒன்றுபட்டனர். தமிழிலும் மணிமேகலை ஆசீவகர் கொள்கையை எடுத்துரைக்கின்றது. நீலகேசி அதனோடு வாதாடுவதற்கென்றே ஒரு சருக்கத்தை ஒதுக்குகின்றது. ஆசீவகம் மறைந்து பல நூற்றாண்டுகளாயின. எனினும், ‘நடப்பது நடந்தே தீரும், நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று சாய்கதிரையிற் சாய்ந்துகொண்டு நாம் கூறும்பொழுது, நம் வாயிலிருந்து வருவது கர்மக் கொள்கையன்று; மற்கலியின் நியதியே. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டோம்.

துன்பம் யாவும் பழவினையால்தான் வருகின்றனவா என்ற கேள்வி புத்தரிடமே நேராகக் கேட்கப்பட்டது. இராசகிருகத்து வேணுவனத்திலே மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் கேட்டான் என்று சங்யுத்த நிகாயம் கூறும். புத்தர் அளித்த விடை ஒரு வைத்தியருடைய விடையைப் போன்றது. பித்தத்தால் வருவன உள; சிலேற்பனத்தால் வருவன உள; வாயுவால் வருவன உள; மூன்றும் கலந்து வருவன உள; பருவமாற்றத்தால் வருவன, உடலைச் சரிவரப் பேணாமையால் வருவன, பிறர் தாக்குதலால் வருவன எனப் பலவுள. வினைப்பயனாய் வருவதை எட்டாவதாகவே அவர் வைத்தார். எல்லாம் பழவினையே என்போர் தாமே அறிந்ததையும் உலகம் உண்மையெனக் கொண்டதையும் கடந்து பேசுகின்றனர் என்றும் உரைத்தார்.

இதனைப் படிக்குந்தோறும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நம் நினைவுக்கு வருகின்றது. சுமாத்திராவை அடுத்த கடலடியிலே நிலம் நடுங்க, எழுந்த ஆழிப்பேரலை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் நமது கீழ்க்கரையை அடைந்தது. இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் குழந்தைகள். அப்பொழுதும் ‘ஊர்செய்த கர்மம்’ என்று உரைத்தவர்கள் உண்டு. ஆனால், அன்று இந்துமாக்கடலுக்கென ஓர் ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு இல்லை என்பதே நாம் அறியக்கூடிய உண்மை. இரண்டு மணித்தியாலம் வீணே கழிந்தது. பின்னர் அவ்வமைப்பு ஏற்படுத்தப்பட்டது. ‘கர்மம்’ என்று எல்லோரும் வாளாவிருந்திருப்பின் அதுவும் ஏற்பட்டிராது.

‘நமது சைவசித்தாந்தம் பழவினையை ஏற்கின்றதே’ எனச் சிலர் வினவலாம். ஏற்கின்றது, அதனை மழுப்புதல் நேர்மையன்று. முன்னே ஈட்டிக் குவித்தது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம், இப்பொழுது புதிதாய் ஈட்டுவது ஆகாமியம் என நம் மாணவர் சமயபாடத்திற் கற்கின்றனர். ஆனால், கன்மம் சடப்பொருள். செய்தவனைத் தானே தேடிச்சென்று பயனூட்டும் அறிவு அதற்கு இல்லை. ஊட்டுபவன் இறைவன். பெற்றார் பிள்ளையை அடிப்பதும் அன்பினாலன்றோ என்று சிவஞானசித்தியார் விளக்குவதால், அவன் ஊட்டுவதும் உயிரின் நோய் தீர்க்கும் அருளேயாகும். எனவே கணக்கு அவன் கையில் இருக்கின்றது. அயல்வீட்டார் கையில் இல்லை. மூன்றனுள் நம் கைக்கு எட்டுவது ஆகாமியம் ஒன்றே. துன்புற்றவளைப் பார்த்து நாம் கூறும் கடுஞ்சொல்லும் நமது ஆகாமியக் கணக்கிலேதான் ஏறும் என்பதைச் செத்தவீட்டுக்குச் செல்வோர் நினைப்பார்களாக. வள்ளுவரும் ஊழுக்கு 38ஆம் அதிகாரத்தை வகுத்தார். வகுத்தவர் அத்தோடு நில்லாது 62ஆம் அதிகாரத்தை ஆள்வினையுடைமைக்குக் கொடுத்தார்.

இவ்விடயத்தில் நமக்கு மிகத் தெளிவான வழி காட்டியவர் திருஞானசம்பந்தர் என்பது எம் கருத்து. இன்று திருச்செங்கோடு என வழங்கும் கொடிமாடச் செங்குன்றூரில் அவர் தங்கியிருந்தபொழுது பனிக்காலம் வந்தது. குளிர்சுரம் பரவி அடியார்களைப் பற்றியது. பருவந்தோறும் இந்நாட்டிலே இது வருவதுதான் என அங்குள்ளோர் கூறினர். பிள்ளையார் அதனைக் கேட்டுச் சும்மா இருக்கவில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடினார். முன்வினைக்கு ஈடாக இவ்வினை வந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள், அதிலிருந்து உய்யும் வழியை நாடாதிருத்தல் குறையல்லவா என்று கேட்டே அப்பதிகம் தொடங்குகின்றது. அடுத்து அவர் சொல்லுவதைக் கவனியுங்கள்: சோலைகளை வளர்த்தலையும் குளங்களைத் தோண்டுதலையும் கூறி, அவற்றோடு மலர்தூவி வழிபடுதலையும் கூறுகின்றார். வினைக்கு மருந்தாக அவர் எடுத்துரைத்தது பக்தியோடு கூடிய கைவேலை.

அடியார்களைப் பிணித்த சுரம் நீங்கிற்று என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. இன்றும் நம் வீடுகளிலே சுரங்கண்ட பிள்ளையின் தலைமாட்டில் இருந்து அப்பதிகத்தை ஓதும் தாய்மார் உளர். அவர்களே நேரந் தவறாது மருந்தையும் கொடுக்கின்றனர்.