குறைந்த செலவில் நிறைந்த நினைவகம்

செயலி கணிப்பொறியின் மூளை என்றால், நினைவகம் அது வேலை செய்யும் மேசை எனலாம். மேசை சிறுத்தால் பெரிய கணக்கு நகராது. புதிய நினைவகமோ, தறிக்கூலியில் படிக்க வைக்கும் எங்கள் வீடு போன்றவற்றுக்கு எட்டாக்கனி. ஆயினும் வழி உண்டு.

பெரிய நிறுவனங்கள் தம் சர்வர்களை மாற்றும்போது, அவற்றிலிருந்து கழற்றிய டிடிஆர்4 ‘ரிஜிஸ்டர்டு’ நினைவகங்கள் பழைய பொருள் சந்தைக்கு வருகின்றன. சாதாரணக் கணிப்பொறிகள் இவற்றை ஏற்பதில்லை. எனவே வாங்குவோர் குறைவு. விலையும் பெரும்பாலும் குறைவு.

இவற்றை ஏற்கும் எச்.பி. இசட்440 போன்ற பழைய வொர்க்ஸ்டேஷனில் 8 ஸ்லாட்டுகள் உண்டு. 16 ஜிபி வீதம் பொருத்தினால் 128 ஜிபி! மேலும், 64 பிட்டுகளுக்கு 8 காவல் பிட்டுகள் இருப்பதால், ஒரு பிட் பிறழ்ந்தால் உடனே திருத்தப்படும். இரவு முழுதும் ஓடும் கணக்குக்கு இது பெருந்துணை.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை மூன்று. மதர்போர்டு ஏற்கும் வகையைக் கையேட்டில் பார்க்க வேண்டும். ரிஜிஸ்டர்டு வகையையும் சாதாரண வகையையும் கலக்கக் கூடாது. இந்த வொர்க்ஸ்டேஷனில் நினைவகத்துக்கு நான்கு தடங்கள் இருப்பதால், ஒரே அளவில் நான்கோ எட்டோ வாங்குவது நலம். திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்கி, கெடு முடியுமுன் மெம்டெஸ்ட்86 கொண்டு சோதித்துவிட வேண்டும்.

பொருந்தாத நினைவகம் எத்தனை மலிவாயினும் வீண் செலவே. நண்பர்களே, முதலில் கையேடு; பிறகு கடை!