சதியா தந்த குரல்
அஸ்ஸாமில் லோஹித் ஆற்றைக் கடக்கும் ஒரு பாலத்தின் நீளம் 9.15 கி.மீ. 2017 மே 26 அன்று திறக்கப்பட்டபோது இதற்குச் சூட்டிய பெயர் அரசர் பெயரோ அமைச்சர் பெயரோ அல்ல. ஒரு பாடகரின் பெயர். ஆற்றின் வடகரையில் உள்ள சதியாவில்தான் 1926 செப்டம்பர் 8 அன்று அந்தப் பாடகர் பூபேன் ஹஸாரிகா பிறந்தார்.

பத்துப் பிள்ளைகளில் இவரே மூத்தவர். அம்மா சாந்திப்பிரியாவின் தாலாட்டுதான் முதல் பாடம். தம்பி ஜெயந்தாவும் பேர் வாங்கிய பாடகர். 1977-இல் இளவயதிலேயே மறைந்தார்.

தேஜ்பூரில் சிறுவன் பூபேனின் பாட்டைக் கேட்டு வியந்த கலைஞர்கள் ஜோதிபிரசாத் அகர்வாலாவும் விஷ்ணு ராபாவும் அவனைக் கொல்கத்தாவுக்கு அழைத்துப்போய் இசைத்தட்டில் பாடவைத்தார்கள். 1939-இல் ‘இந்திரமாலதி’ படத்திலும் அந்தக் குரல் ஒலித்தது.

பாட்டுக்காரன் படிக்கமாட்டான் என்பதெல்லாம் இவரிடம் செல்லாது. காசியில் முதுகலை, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அமெரிக்காவில்தான் கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் நட்பு கிடைத்தது. மிசிசிப்பியைப் பற்றி ராப்சன் பாடிய பாட்டு, மக்கள் படும் துயரைக் கண்டும் ஏன் பேசாமல் ஓடுகிறாய் என்று ஆற்றைக் கேட்கும் பாட்டாக ஹஸாரிகாவிடம் உருமாறியது. வங்காள, இந்தி வடிவங்களில் அந்த ஆறு கங்கை. அஸ்ஸாமியில் லுயித், அதாவது பிரம்மபுத்திரா.

1967 முதல் 1972 வரை அஸ்ஸாம் சட்டமன்ற உறுப்பினர். 1992-இல் தாதாசாகேப் பால்கே விருது. 2011 நவம்பர் 5 அன்று மும்பையில் காலமானார். குவாஹாட்டியில் இறுதிச் சடங்குக்குக் கடலெனக் கூட்டம் திரண்டது. பாரத ரத்னா வந்தது 2019-இல்.