எனக்குத்தான் கண்ணு, நான் சொல்றேன்

வெண்பலகையில் எழுதும் வரி இரண்டாகத் தெரிகிறது என்று என் மனைவி சொன்னபோது, கண்ணாடியை மாற்றிப் பார் என்றேன். கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை அவள். கண்ணாடிக் கடைக்காரர்தான், "இது கண்ணாடியால் தீராது, மருத்துவமனைக்குப் போங்கள்" என்றார். மண்டையோட்டின் அடியில், மூளைத்தண்டை ஒட்டி ஒரு கட்டி. கார்டோமா என்று பெயர். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வரும் அரிய எலும்புப் புற்றுநோய்.

கோலாலம்பூரில் மூக்கு வழியாகவே அறுவை செய்து பெரும்பகுதியை எடுத்தார்கள். மூளைத்தண்டில் ஒட்டியிருந்ததைத் தொட முடியவில்லை. மீதிக்குப் புரோட்டான் கதிர்வீச்சு நல்லது என்றார் மருத்துவர். வழக்கமான எக்ஸ்ரே கதிர் கட்டியைத் தாண்டி மறுபக்கமும் போகும். புரோட்டானைக் குறித்த ஆழத்தில் நிறுத்தலாம். அவளுக்கு அந்தச் சில மில்லிமீட்டர்தான் எல்லாமே. அந்த வசதி அப்போது நம் நாட்டில் இல்லை. சிங்கப்பூரில் 2023 முதல் உண்டு. வெள்ளியை அந்த டாலருக்கு மாற்றிப் பார்த்ததுமே கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டேன். சென்னை தரமணியில் அப்போலோ புரோட்டான் மையம் 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. மொழி தெரிந்த ஊர், நான்கு மணி நேர விமானம். முடிவாயிற்று.

இப்படிப் போக நேர்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்கேன் படங்களின் குறுந்தட்டோடு, அறுவையில் எடுத்த திசுவின் மாதிரிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் முதலில் கேட்டது அதைத்தான். நோயாளிக்கு மருத்துவ விசா, உடன் போகிறவருக்குத் தனி விசா. அங்கே வாடகைக்கு விடுபவர், வெளிநாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். இது தெரியாத வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு இரண்டு நாள் அலைந்தேன்.

அரசு ஆசிரியை என்பதால் அவளுக்கு நீண்ட மருத்துவ விடுப்பு கிடைத்தது. எனக்கு? 1955 வேலைச் சட்டத்தில் மருத்துவ விடுப்பு உண்டு, தந்தையருக்கு மகப்பேற்று விடுப்பு ஏழு நாள் உண்டு. நோயுற்ற மனைவியைப் பார்த்துக்கொள்ள என்று எதுவும் இல்லை. சம்பளமில்லா விடுமுறை எழுதிக் கொடுத்தேன். ஊழியர் சேமநிதியில் வாழ்க்கைத் துணையின் கடும் நோய்க்காகவும் பணம் எடுக்க விண்ணப்பிக்கலாம் என்பதைக் காரை விற்ற பிறகுதான் அறிந்தேன். நீங்கள் முதலில் அதை விசாரியுங்கள். நகையைப் பிறகு தொடலாம்.

மகனைப் பிரிக்பீல்ட்ஸில் அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

37 அமர்வுகள், வாரத்துக்கு ஐந்து. முகத்துக்கு அச்செடுத்த வலைமூடியை மேசையோடு பூட்டுவார்கள். தலை அசையக் கூடாது. கதிர் பாயும் நேரம் கொஞ்சம்தான். சரியாகப் படுக்க வைப்பதற்குத்தான் அரை மணி நேரம் ஆகும். பெரும்பாலும் மாலையில்தான் எங்கள் முறை. அறைக்குத் திரும்ப எட்டாகிவிடும், இங்கே மணி பத்தரை. மகன் தூங்கியிருப்பான். அக்கா அவன் தூங்கும் படத்தை அனுப்புவார்.

நான் நல்ல கணவனாகத்தான் நடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மாத்திரை அட்டவணை, தண்ணீர் அளவு, எடை எல்லாம் கோப்பில் இருந்தன. ஊரிலிருந்து டுரியான் பிளாண்டா இலைக் கஷாயம் கொடு என்று குரல்பதிவு அனுப்பியவர்களுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். (அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்கக் கூடாது.) நான்காவது வாரம் மருத்துவர், "பார்வை எப்படி இருக்கிறது?" என்று அவளைக் கேட்டார். "பரவாயில்லை டாக்டர், இரண்டாகத் தெரிவது குறைந்திருக்கிறது" என்றேன் நான்.

அவள் என் கையைப் பிடித்தாள். "எனக்குத்தான் கண்ணு. நான் சொல்றேன்."

குறையவே இல்லையாம். நான் மனம் உடைந்துவிடுவேன் என்று இரண்டு வாரமாகக் குறைந்திருப்பதாகச் சொல்லி வந்திருக்கிறாள். அன்றிரவு மொட்டைமாடியில் போய் அழுதேன். இறங்கி வந்தபோது விழித்திருந்தாள். "என்னங்க, அந்தக் கோப்பை என்கிட்ட கொடுங்க. எனக்கு ஒரு தே தாரே போட்டுக் கொடுங்க, அது போதும்" என்றாள். வாய் வறண்டு ருசியே போயிருந்த நேரம். கெட்டிப்பால் டின் தேடி இரண்டு கடை ஏறி இறங்கினேன். இரண்டு எவர்சில்வர் டம்ளரில் இழுத்து ஆற்றிக் கொடுத்தேன், தரையெல்லாம் சிந்தியது. "கிள்ளான் மாமாக் கடையிலே உங்களைச் சேர்க்க மாட்டாங்க" என்று சொல்லிப் பாதி குடித்தாள்.

கேஎல் சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தோம். மகன் ஓடி வந்து கட்டிக்கொண்டு, "அம்மா, காதுக்குப் பின்னால முடியைக் காணோமே" என்றான். தடவிப் பார்க்கச் சொன்னாள்.

கட்டி வளரவில்லை என்றது முதல் எம்.ஆர்.ஐ. கரைந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. வளராமல் இருப்பதையே பார்க்கிறார்கள். இரட்டைப் பார்வைக்குப் பட்டகக் கண்ணாடி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். அடுத்த ஸ்கேன் வரும் மாதம். கோப்பு அவளிடம்தான் இருக்கிறது. கார் இல்லாததால் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போகிறோம்.