இரட்டை எழுத்து நாணயம்: புதையலா, அடிபட்ட காசா?

மும்பை: தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து, மாநகரெங்கும் கொண்டு சென்று விற்கும் தமிழர்களின் கைகளில் நாள்தோறும் சில்லறைக் காசுகள் புரள்கின்றன. மாட்டுங்கா கோயில் உண்டியல்களிலும் செம்பூர் கடைகளின் கல்லாக்களிலும் அதே காசுகள்தாம். அவற்றில் ஒன்றில் ஆண்டு எண் இரட்டையாகத் தெரிந்தால் லட்சக்கணக்கில் விலை போகும் என, கைப்பேசிகளில் வலம்வரும் விடியோக்கள் ஆசை காட்டுகின்றன.

இரட்டை அச்சு நாணயம் கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் 1955-ம் ஆண்டில் அடிக்கப்பட்ட ஒரு சென்ட் காசுகளில் சுமார் 20 ஆயிரம், ஆண்டும் எழுத்துகளும் இரண்டிரண்டாகத் தெரியும் நிலையில் புழக்கத்துக்கு வந்துவிட்டன. வெறுங்கண்ணுக்கே தெரியும் அந்தப் பிழைக்காகச் சேகரிப்போர் இன்றும் பெரும் விலை தருகின்றனர்.

இந்தப் பிழை பிறப்பது காசில் அல்ல, அச்சில். உருவம் புடைத்து நிற்கும் தாய் அச்சை எஃகுத் துண்டில் அழுத்தி, காசு அடிக்கும் அச்சைத் தயாரிக்கின்றனர். முன்பெல்லாம் ஒரே அழுத்தத்தில் உருவம் முழுமையாகப் பதியாது. எஃகைச் சூடேற்றி இளக்கி மீண்டும் அழுத்த வேண்டியிருந்தது. இரண்டாம் முறை இம்மியளவு திரும்பிவிட்டால் எழுத்துகள் இரட்டையாகிவிடும். அதன்பின் அந்த அச்சில் அடிக்கப்படும் ஆயிரக்கணக்கான காசுகளும் அதே இடத்தில், அதே அளவில் அந்த இரட்டைக் கோட்டைச் சுமந்தே வெளிவரும். மெய்யான பிழைக்கு உடன்பிறப்புகள் உண்டு. அடிபட்ட காசு தனிக்கட்டை.

உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். மெய்யான இரட்டை அச்சில் இரு உருவங்களும் புடைத்து நிற்கும்; எழுத்தின் கோடு தடித்து, முனை பிளந்திருக்கும். காசு அடிக்கும் நொடியில் அச்சு தளர்ந்து அசைவதால் உண்டாகும் இரட்டிப்பு வேறு வகை. அதில் எழுத்தின் ஓரம் நசுங்கிப் படிக்கட்டுபோல் தட்டையாகும். இதற்குச் சேகரிப்போரிடையே பெரிய மதிப்பில்லை. வெளியே அடிபட்ட காசாயின், ஒதுங்கிய உலோகம் கீறலின் ஓரத்தில் வரப்புபோல் எழும்பி நிற்கும். அமிலத்தில் இட்டதாயின் எழுத்துகள் மெலிந்து எடையும் குறையும். 10 ரூபாய் நாணயத்தின் எடை 7.71 கிராம் என்பதால் நகைக்கடைத் தராசே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆண்டுக்குக் கீழுள்ள சிறு வைர வடிவத்தையும் பிழையென நம்புவோர் உண்டு. அது கோட்டைப் பகுதியிலுள்ள மும்பை நாணயச்சாலையின் அடையாளக் குறி. ஹைதராபாதுக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறி இல்லை. (நேர்மாறான மயக்கமும் நாட்டைப் பிடித்தாட்டியது. 10 ரூபாய் நாணயத்தைப் போலியென்று கடைகள் மறுத்தபோது, புழக்கத்திலிருந்த 14 வடிவங்களும் செல்லும் என 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி விளக்க நேர்ந்தது.)

பழைய காசை விற்றுத் தருவதாகக் கூறி, கமிஷன், வரி என முன்பணம் கறக்கும் கும்பல்கள் ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையுமே பயன்படுத்தின. இத்தகைய வணிகத்தில் தனக்குத் தொடர்பில்லை, எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை என 2021 ஆகஸ்ட் 4-ம் தேதி அவ்வங்கி எச்சரித்தது. ஆனால், இணையதளத்தில் வெளியிடப்படும் அறிக்கை தாராவிச் சந்துகளை எட்டுவது எளிதன்று. விடியோவோ நொடியில் எட்டிவிடுகிறது.

காசைச் சுரண்டியோ தட்டியோ இரட்டை எழுத்தை வரவழைப்போருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 2011-ம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, உருச்சிதைக்கப்பட்ட காசு செல்லத்தக்க பணமன்று. லட்சத்துக்கு விற்கக் கிளம்பும் அந்த 10 ரூபாயை எதிர்க்கடைக்காரர் வாங்க மறுத்தாலும் கேட்க வழியில்லை.